எல்லா டேப்பிலும் ஒரே பெயர்

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கும் முயற்சியை நான் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் என் கணவரே முந்திக்கொள்வார். "அடுத்தவங்க செலவு பண்ணிச் செஞ்ச வேலையில நொட்டை சொல்றதுக்கு இவங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. ஊட்ல அதையே இலவசமாச் செய்யறாங்க." பந்தியில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் அதற்குப் பெயர் மதிப்பீடு. எங்கோ இருக்கும் பெரிய மனிதர்கள் நன்கொடை தருகிறார்கள். அந்தப் பணத்தில் ஓர் அறக்கட்டளை கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு டேப்லெட் வாங்கித் தருகிறது. ஒரு வருடம் ஆனதும், அதனால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று பார்த்துச் சொல்ல, இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆள் தேவைப்படுகிறது. கோயம்புத்தூர் கணபதியில் குடியிருக்கும் அந்தச் சம்பந்தமில்லாத ஆள் நான்.

அந்த வருடம் எனக்கு வந்தவை ஈரோடு மாவட்டத்துத் தொடக்கப்பள்ளிகள். ஒவ்வொரு பள்ளிக்கும் கொஞ்சம் டேப்புகள் கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க உள்ளூரிலேயே படித்த ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். பிள்ளை தன் எண்ணைத் தட்டி டேப்பைத் திறந்தால், அந்தப் பிள்ளையின் தரத்துக்குத் தகுந்த வாசிப்பும் கணக்கும் திரையில் வரும், வேண்டுமானால் வேறு வகுப்புப் பாடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். யார் எவ்வளவு நேரம் படித்தார்கள், எதில் தப்பு விட்டார்கள் என்பதெல்லாம் பெயர்வாரியாக அறக்கட்டளையின் சென்னை அலுவலகத்துக்குப் போய்விடும். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான்.

வம்பு ஒரு பள்ளிக்கூடத்தில் வந்தது. கொடுமுடியிலிருந்து உள்ளே தள்ளி, மஞ்சளும் கரும்பும் விளைகிற ஊர். அங்கே நான்காம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தியின் பெயரில் மட்டும் படித்த நேரம் மலைபோலக் குவிந்து கிடந்தது. மற்ற அத்தனை பிள்ளைகளுக்கும் நேராகப் பூஜ்யம். அவள் படித்த லட்சணமும் விசித்திரமாக இருந்தது. இந்த நிமிடம் ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கைப் பிசகாமல் போடுகிறாள். அதே நிமிடத்தில் ஆடு, இலை என்று எழுத்துக் கூட்டுகிறாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அலுவலர் சென்னையில் இருந்தார். சின்ன வயது, கெட்டிக்காரர். யாரைக் கண்டாலும் சந்தேகப்படுவார். போனில் என்னிடம், "மேடம், இதுல யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த டீச்சரே ஒரு பொண்ணு பேர்ல உட்கார்ந்து தட்டிக் கணக்குக் காட்டறாங்க. பசங்க கைக்கு டேப்பே போகல. நீங்க ஒரு நடை போய்ப் பார்த்து எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, டேப்பையெல்லாம் வேற ஊருக்கு மாத்திடலாம். அந்த டீச்சரையும் அனுப்பிடலாம்" என்றார்.

முடிவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கையெழுத்துக்கு ஆள் தேடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. "நான் போய்ப் பார்க்கறதுக்கு முன்னாடியே என் ரிப்போர்ட்டை நீங்க படிச்சுட்டீங்க போல" என்று சொல்லி போனை வைத்தேன். கோபமாகத்தான் வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே சந்தேகம்தான். நான் எழுதப்போகிற ஒரு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டேப் நிற்பதா போவதா என்பதும், ஒரு பெண்ணுக்கு மோசடிக்காரி என்ற பட்டம் வருமா வராதா என்பதும் இருந்தது. அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறினேன். ஈரோட்டிலிருந்து கொடுமுடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஊருக்கு ஒரு டவுன் பஸ். சொல்லாமல் போய் நிற்பதுதான் என் வழக்கம். சொல்லிவிட்டுப் போனால் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸில் நல்வரவு எழுதி, கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்வரிசைக்கு மாற்றி வைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் சொல்லாமல் போவது என்று ஒன்று கிடையாது. டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் பள்ளிக்கூடத்துக்கு எங்கே இறங்குவது என்று கேட்டேன். பின்சீட்டுப் பெரியவர், "ஏனுங்க, டேப் பாக்கறதுக்குங்களா வாறீங்க?" என்றார். நான் இறங்குவதற்குள் போன் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியர் சீவிய இளநீரோடு நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல இதைக் குடிங்க. மத்தியானம் சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்."

ஆள் தங்கமானவர். ஆனால் அவரிடமிருந்து ஒரு தகவலும் பெயராது என்று இளநீர் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. இன்டர்நெட் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்குதுங்க." சார்ஜ் நிற்கிறதா? "அதும் நல்லா நிக்குதுங்க." பிள்ளைகளுக்கு ஏதாவது கஷ்டம்? "கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லபடியா நடக்குதுங்க." என் புண்ணியத்தில் அங்கே எதுவும் நடக்கவில்லை. அதைச் சொன்னேன். அதற்கும் "அது உங்க பெருந்தன்மைங்க" என்றார்.

நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். கொடுத்தவர் முகத்துக்கு நேரே கொடுத்த பொருளைக் குறை சொல்வது எங்களுக்கு வராது. சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில் உப்பில்லை என்று யாராவது சொல்வார்களா? அதுபோலத்தான். மனிதர்களுக்குள் இது நல்ல குணம். மதிப்பீடு செய்ய வந்தவளுக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. 'நல்லா இருக்குதுங்க' என்பதை வைத்துக்கொண்டு நான் என்னத்தை எழுதுவது?

"சரிங்க சார். நான் எதுவும் கேக்கலை. வகுப்புல ஒரு மூலைல உட்கார்ந்துக்கறேன். நீங்க எப்பவும் நடத்தற மாதிரி நடத்தச் சொல்லுங்க" என்றேன்.

டேப் வகுப்பு எடுக்கும் டீச்சர் அந்த ஊர்ப் பெண். இருபது வயதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவள். வீட்டில் மஞ்சள் விவசாயம். வணக்கம் சொல்லும்போதே தலைமையாசிரியரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பயப்படுகிறவர்களைப் பார்த்தால் சிலருக்கு இரக்கம் வரும். எனக்குச் சந்தேகம் வரும். என் தொழில் அப்படி ஆக்கிவிட்டது.

மேசைகளில் டேப்புகள் வைக்கப்பட்டிருந்தன. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு டேப்புக்கு இரண்டு பேர், சிலவற்றுக்கு மூன்று. யாரும் தொடவில்லை. டேப்பைப் பார்த்தால் பாயாத பிள்ளைகள் உலகத்தில் உண்டா? இங்கே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அப்போது ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். ஒல்லி உருவம், ரெட்டைச் சடை, ஒரு சடையில் மட்டும் ரிப்பன். முதல் மேசைக்குப் போய்க் குனிந்து, டேப்பில் ஓர் எண்ணைத் தட்டினாள். திரை திறந்தது. அந்த மேசைப் பிள்ளைகள் டேப்பை இழுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்கள். அவள் அடுத்த மேசைக்குப் போனாள். அதே எண். அதற்கடுத்த மேசை. அதே எண். கோயிலில் பூசாரி வரிசையாகத் திருநீறு கொடுத்துக்கொண்டு வருவதுபோல ஒரு சுற்று வந்து முடித்தாள்.

முடித்ததும் உட்கார்ந்தாளா என்றால், இல்லை. "ஏய், இங்க நின்னுபோச்சு, வந்து தொட்டு உடு" என்று ஒரு குரல். போனாள். "இங்கயும் சுத்திக்கிட்டே இருக்குது." அங்கே போனாள். யாரும் அவளை விரட்டவில்லை, அவளும் அலுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் கவனிக்கிறவள்போல நடந்துகொண்டே இருந்தாள்.

அவள் பெயரைக் கேட்டேன். சென்னைத் திரையில் மலைபோலக் குவிந்து கிடந்ததே, அந்தப் பெயர்தான்.

டீச்சரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். "எதுக்கும்மா எல்லா டேப்பையும் அந்தப் பொண்ணு எண்ணுலயே திறக்கறீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "சொன்னா சிரிப்பீங்க மேடம்."

"சிரிக்க மாட்டேன். சொல்லு."

"அவளுக்குக் கைராசிங்க."

நான் சிரிக்கவில்லை. மேலே சொல் என்று தலையாட்டினேன்.

பேச்சு அப்புறம்தான் அவளுக்கு வந்தது. "மொத நாளு சென்னைல இருந்து ட்ரெய்னர் சார் வந்திருந்தாருங்க. எல்லாப் பிள்ளைங்களையும் நம்பர் போடச் சொன்னாரு. ஒருத்தருக்கும் தொறக்கலீங்க. பொழுது போயிட்டே இருக்குது, ஊர்க்காரங்க எல்லாம் வந்து பாத்துட்டு நிக்கறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. கடைசில இவ போட்டாளுங்க. உடனே தொறந்துருச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்பத்தான் ஹெச்.எம். சார் சொன்னாருங்க, அவ அம்மாவுக்குக் கைராசி, அவளுக்கு இல்லாமப் போகுமான்னு."

"அம்மாவுக்கா?"

"ஆமாங்க. இந்தப் பக்கத்துல ஆரு மஞ்சக் காடு போட்டாலும் மொதக் கெழங்கை அவ அம்மாதானுங்க ஊனோணும். எங்க காட்டுலயும் அவிங்கதானுங்க. கரும்பு நடவுக்கும் வந்து கூப்புடுவாங்க."

"சரி, மொத நாளு அப்படி. மறுநாள் வேற பிள்ளைங்க எண்ணைப் போட்டுப் பாத்தீங்களா?"

"ஒரு நாள் பாத்தமுங்க. கோயில் நோம்பிக்கு அவ மாமன் ஊருக்குப் போயிட்டாளுங்க. அன்னைக்கு ஒண்ணுகூடத் தொறக்கலீங்க மேடம். சத்தியமாங்க."

பின்னால் நின்றிருந்த தலைமையாசிரியர் மெதுவாகச் சொன்னார், "அன்னைக்குக் கரண்டும் இல்லீங்க." இளநீருக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மைத் தகவல் அதுதான்.

"ஏம்மா, நீ படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றேன்.

"தெரியுமுங்க மேடம். அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுன்னு எனக்கும் தெரியுமுங்க. ஆனாத் தெனமும் தொறக்குதுங்களே. ஓடிக்கிட்டு இருக்கறதை எதுக்கு மாத்தோணும்னு உட்டுட்டனுங்க."

அவளை அதட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் கணவருக்குக் கணபதியில் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. புது லேத் வந்து இறங்கினால் முதல் ஸ்விட்சை என் நாத்தனார்தான் போட வேண்டும். என்ஜினியரிங் படித்த என் மகன் அவளைக் கூட்டிவரக் காரை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போவான். நானும் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். இந்தப் பெண்ணை நான் என்ன முகத்தை வைத்துக்கொண்டு அதட்டுவது?

கையோடு கொண்டுபோயிருந்த சென்னைப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன்; திறக்காமல் போனதற்குக் காரணமும் சாதாரணம்தான். முதல் நாளில் பிள்ளைகளின் எண்கள் ஒவ்வொன்றாகச் சென்னையில் ஏறிக்கொண்டிருந்திருக்கின்றன. அந்த நேரத்துக்குள் ஏறியது இவள் எண் ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டன. யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வராந்தாவில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மோசடி இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பின்னக் கணக்குப் போட்டது ஐந்தாம் வகுப்பு, எழுத்துக் கூட்டியது இரண்டாம் வகுப்பு. ஒரு பள்ளிக்கூடமே ஒரு பிள்ளையின் பெயரில் படித்துக்கொண்டு இருந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் எழுதிவைத்திருந்த கடுமையான வாக்கியங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். அன்றைக்கு முதல் தடவையாக அந்த டீச்சரைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் பயந்துகொண்டே சிரித்தாள்.

ஆனால் கைராசி என்று எழுதி அனுப்பினால் சென்னைக்காரர் என்னையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். பிள்ளைகள் நிஜமாகவே கற்றிருக்கிறார்களா என்று நான் காட்டியாக வேண்டும். டேப்பை எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னேன். என் பையில் எப்போதும் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை இருக்கும். அதையும், நானே எழுதிய சின்னச் சின்ன வாசிப்புத் தாள்களையும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிள்ளையாக வரச் சொன்னேன்.

என்ன அருமையாகச் செய்தார்கள்! ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சு விடாமல் வாசித்துவிட்டு, நான் எழுதியதில் ஓர் ஆட்டுக்குட்டி காணாமல் போனது சரி, அப்புறம் கிடைத்ததா இல்லையா என்று கேட்டான். நான் அதை எழுதவில்லை. இரண்டாம் வகுப்புக் குட்டி ஒருத்தி புளியங்கொட்டைகளைச் சமமாகப் பங்கு வைத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "இது உங்களுக்குங்க மேடம், நீங்க தூரத்துல இருந்து வந்திருக்கீங்க" என்றாள். திணறியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மொத்தத்தில் நான் பார்த்த பள்ளிகளில் நன்றாகக் கற்ற பள்ளி அது. தலைமையாசிரியர் தூரத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். டேப் இனிமேல் எங்கேயும் போகாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

கடைசியாக அந்த ராசிக்காரியைக் கூப்பிட்டேன். ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் கூப்பிட்டேன். "அவளுக்கு எல்லாம் தெரியுங்க மேடம்" என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

தாளைக் கையில் வாங்கினாள். முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவது எழுத்தைச் சொன்னாள். இரண்டையும் சேர்க்க முடியவில்லை. அடுத்த சொல்லுக்குப் போனாள், அங்கேயும் நின்றாள். பிறகு அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துத் தட்டிவிட்டு, அது திறக்கும் என்பதுபோலக் காத்திருந்தாள்.

எளிய தாளாகப் பார்த்துக் கொடுத்தேன். அதுவும் வரவில்லை. புளியங்கொட்டையை எண்ணினாள், பங்கு வைக்கத் தெரியவில்லை. நான்காம் வகுப்பு முடியப்போகிற பிள்ளை.

எப்படித் தெரியும் அவளுக்கு? டேப் வகுப்பு நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்கு உட்கார இடம் ஏது? திறந்துவிட்டாள், நின்றுபோனதைத் தொட்டுவிட்டாள், அடுத்த மேசைக்குப் போனாள். ஊருக்கெல்லாம் படிப்பைத் திறந்துவிட்டு அவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

வகுப்புச் சுவரில் அப்போதுதான் கவனித்தேன். சென்னை அலுவலகம் மாதாமாதம் அனுப்பிய சிறந்த மாணவிச் சான்றிதழ்கள், வரிசையாக, எல்லாம் அவள் பெயரில். அதைப் பார்த்துத்தான் மற்ற ஆசிரியர்களும் இவளைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிட்டார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சாயங்காலம் நடக்கும் தனி வகுப்பில் முன்பு இவள் இருந்திருக்கிறாள். முதல் சான்றிதழ் வந்ததும், இனி இவளுக்கு எதற்கு என்று எடுத்துவிட்டார்கள்.

டீச்சர் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லா இருக்குதுங்க" சொல்ல அன்று அவரிடம் எதுவும் மிச்சமில்லை. "எங்க கண்ணுல படாமப் போச்சே மேடம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. முதலில் சென்னைமேல் வந்தது. படிக்கவே படிக்காத பிள்ளைக்கு மாதம் தவறாமல் சான்றிதழ் அனுப்பியவர்கள் அவர்கள்தானே.

"அழுதது போதும், வாம்மா" என்று டீச்சரைக் கூப்பிட்டு எல்லா டேப்பையும் மறுபடி மேசைக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் எண்ணைப் போடச் சொன்னேன். ஒருவரும் முன்வரவில்லை. தொடக்கூடாததைத் தொடச் சொன்னதுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில், மிஞ்சிய புளியங்கொட்டையை எனக்குக் கொடுத்தாளே, அந்தக் குட்டி கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். திறந்தது. அவ்வளவுதான், கூரை பறக்கும்படி ஒரு கத்தல். எல்லா மேசையிலும் திறந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ராசிக்காரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவளுடைய வேலை போய்விட்டது. நான் அவளுக்கு ஒரு டேப்பை எடுத்துக் கொடுத்து, "உட்காரு கண்ணு" என்றேன். எங்கே உட்கார்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

பொழுது சாய அவள் அம்மா வந்தாள். காலனியிலிருந்து மஞ்சள் வெட்டப் போயிருந்தவள், கை முழங்கை வரை மஞ்சளோடு அப்படியே வந்து நின்றாள். விஷயத்தை நான் சொல்ல வேண்டியிருக்குமோ என்று மத்தியானச் சாப்பாடே எனக்கு இறங்கவில்லை. அந்தச் சான்றிதழ்களில் ஒன்றை அவள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள் என்று டீச்சர் சொல்லியிருந்தாள்.

ஆனால் டீச்சர் என்னை முந்திக்கொண்டாள். "அக்கா, தப்பு எம்மேலதானுங்க" என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மா மகளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். திட்டினாலும் அழுதாலும் எங்களுக்கு வேண்டும்தான்.

"இப்பவே தெரிஞ்சுதேங்க, அதுவரைக்கும் நல்லதுங்க" என்றாள் அவள். "எனக்கெல்லாம் பத்தாவதுல பெயிலானதுக்கு அப்பறந்தானுங்க, படிப்பு வரலைன்னே தெரிஞ்சுது. அதுவரைக்கும் ஆரும் எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க." பிறகு டீச்சரின் கண்ணீரைப் பார்த்து, "நீ எதுக்கு அம்மணி அழுவற? உங்க காட்டுலயும்தான் வருசா வருசம் நான் ஊனிப்போட்டு வாரேன். எனக்குன்னு ஒரு பாத்தி இருக்குதா என்ன? அது மாதிரி நெனச்சுக்க. இவளுக்காச்சும் இவ பாத்தியைக் காட்டி உடு" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டீச்சர் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் இருமினார். நான் தாள்களை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்தச் சாயங்காலமே நானும் டீச்சரும் தலைமையாசிரியரும் சேர்ந்து பேசி முடிவு செய்தோம். மாறி மாறிப் படித்தாலும் அவரவர் எண்ணிலேயே டேப்பைத் திறப்பது. முதலில் அந்தப் பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார்வது. சாயங்காலத் தனி வகுப்பில் அவளை மறுபடி சேர்ப்பது. கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்கும்போது தலைமையாசிரியர் என் கையில் ஒரு பை மஞ்சள் கிழங்கைத் திணித்தார். மதிப்பீடு செய்ய வந்த இடத்தில் எதையும் வாங்கமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டுவிட்டார்.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன், கைராசி உட்பட. பிள்ளைகள் வாசித்ததையும் கணக்குப் போட்டதையும் சேர்த்து வைத்தேன். நன்கொடை கொடுத்தவர்கள் அதைப் படித்து என்ன நினைத்தார்களோ தெரியாது. டேப் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தங்கியது, டீச்சரும் வேலையில் தங்கினாள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் பட்டறைக்கே போய் என் கணவரிடம் சொன்னேன். "பரவாயில்லையே, உன் நொட்டைக்கும் ஒரு ராசி இருக்குது" என்றார்.

பள்ளி திறந்து, ஆடி பிறந்து, மஞ்சள் நட்டு முடித்த நேரத்தில் சென்னை அலுவலரிடமிருந்து மறுபடி போன். குரலில் அதே அவசரம்.

"மேடம், அந்தக் கொடுமுடி ஸ்கூல்ல ஒரு பிரச்சினை. நம்ம டாப் ஸ்டூடண்ட் அப்படியே கீழ போயிட்டா. கிராஃப் பாருங்க, மலைல இருந்து விழுந்த மாதிரி இருக்கு. கிளாஸ்லயே கடைசில நிக்கறா. டீச்சர்கிட்ட விளக்கம் கேக்கட்டுமா?"

அவர் என் அறிக்கையைப் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு நாளாக இருந்தால் பிடித்துக் காய்ச்சியிருப்பேன். அன்றைக்குக் கோபம் வரவில்லை. அவசரமாகக் கணினியைத் திறந்து பார்த்தேன். முதல் தடவையாக எல்லாப் பிள்ளைகளின் பெயருக்கும் நேரே ஆளுக்கொரு கோடு இருந்தது. அவள் பெயருக்கு நேரே அந்தப் பழைய மலை, அதற்குப் பிறகு ஒரே சரிவு, அதற்கும் கீழே தரையோடு தரையாகச் சின்னச் சின்னப் படிகள். கடைசிப் படியின்மேல் மவுஸை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் நிலை வாசிப்பு, முடித்துவிட்டாள் என்று இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நிம்மதி.

"அவ விழலை தம்பி" என்றேன். "அந்த மலை, ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து படிச்சது. கீழ இருக்குதே, அதுதான் அவ படிச்சது."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கேட்டார், "அப்ப நான் குறிப்புல என்னன்னு போடட்டும் மேடம்?"

"உட்கார்ந்து படிக்கிறாள்னு போடுங்க" என்றேன்.